பத்து நாள் வகுப்பு, ஐந்து மாதப் படிப்பு

கேள்வி: அக்கா, எனக்கு வயது 37. திருவொற்றியூரில் இருக்கிறோம். பாரிமுனையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பதினோரு வருடமாக எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி டீச்சர். வரும் மே மாதம் ஒரு இறையியல் கல்லூரியில் வேத வியாக்கியானம் பற்றிப் பத்து நாள் தங்கிப் படிக்கும் வகுப்பு நடக்கிறது. கணவருக்கு மணலியில் ஷிஃப்ட் வேலை. அவர் "போயிட்டு வா" என்கிறார். அத்தைதான் "செமினரிக்குப் போனா இருக்கிற விசுவாசமும் போயிடும்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். பையன் ஏழாவது, பெண் நாலாவது படிக்கிறார்கள். நான் படித்தது தமிழ் மீடியம். இங்கிலீஷ் புத்தகத்தைக் கொடுத்தால் என்ன செய்வேன்? நான் ஆயராகப் போவதும் இல்லை. பத்து நாளில் என்னதான் கற்றுக்கொள்ள முடியும்?
— ஒரு சகோதரி, திருவொற்றியூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

போய்ப் படியுங்கள். ஆனால் பத்து நாளுக்கு என்று நினைத்துப் பையைக் கட்டாதீர்கள். நான் அப்படி நினைத்துப் போனவள், அதனால்தான் சொல்கிறேன்.

இந்த மாதிரி வகுப்பில் ஒரு பருவம் முழுக்கச் சொல்லித் தரவேண்டியதைப் பத்து நாளில் அடக்குவார்கள். காலை ஆராதனை முடிந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை பாடம், இரவில் நூலகம். அவ்வளவையும் பத்து நாளில் யாராலும் ஜீரணிக்க முடியாது. அதனால்தான் போவதற்கு முன்பே வாசிக்கச் சொல்லிப் பட்டியல் அனுப்புவார்கள், திரும்பி வந்த பிறகு இரண்டு மூன்று மாதத்துக்குள் பெரிய அசைன்மென்ட் எழுதி அனுப்பச் சொல்வார்கள். படிப்பு நிற்பதும் விழுவதும் இந்த முன்னாலும் பின்னாலும்தான். முதல் தடவை நான் ஊர் திரும்பியபோது மனசெல்லாம் நெருப்பாக இருந்தது. வீட்டில் மூட்டைத் துணி காத்திருந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல், அடுத்த வாரம் சபையில் ஆண்டுவிழா. புத்தகங்கள் பீரோ மேலேயே கிடந்தன. கடைசி நாளும் தாண்டி, ஒரு மாதம் கழித்து எழுதி அனுப்பினேன். மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. வகுப்பில் தெளிவாக இருந்ததெல்லாம் அதற்குள் பாதி மங்கிப் போயிருந்தது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதனால் உங்கள் கணவரிடம் "பத்து நாள் பார்த்துக்கோங்க" என்று கேட்காதீர்கள். மார்ச்சிலிருந்து ஜூலை வரை வாரத்தில் இரண்டு ராத்திரி, எட்டிலிருந்து பத்து மணி வரை எனக்கு வேண்டும் என்று கேளுங்கள். அவருக்கு நைட் ஷிஃப்ட் விழும் வாரம் எது என்று காலண்டரில் குறித்துக்கொண்டு, அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். இதற்கு அவர் மனசார ஒத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கிளம்புவதற்கு முந்தின நாள் உட்கார்ந்து பத்து நாளுக்கும் புளிக்காய்ச்சலும் தொக்கும் கிளறி வைக்கவும் வேண்டாம். அவரும் பிள்ளைகளும் சமாளிப்பார்கள்.

ஆயராகப் போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தென்னிந்தியத் திருச்சபை 1976 முதல் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்து வருகிறது, ஆகவே அந்தக் கதவும் சாத்தியில்லை. ஆனால் அது வேண்டாம் என்பவர்களுக்கும் இறையியல் கற்க உரிமை உண்டு. 1963இல் குவாத்தமாலாவில் ஒரு பிரஸ்பிட்டேரியன் செமினரி இதையே யோசித்தது. கிராமச் சபைகளை உண்மையில் தாங்கிக்கொண்டிருந்தவர்கள் குடும்பமும் வேலையும் உள்ள பெரியவர்கள். அவர்களால் வீட்டை விட்டு வருடக்கணக்கில் வந்து தங்க முடியாது. சரி, படிப்பு அவர்களிடம் போகட்டும் என்று ஆசிரியர்கள் கிளம்பினார்கள். நம் நாட்டில் அதே வழியில், வீட்டிலிருந்தபடியே இறையியல் படிக்க வைக்கும் டாஃப்டி (TAFTEE) என்ற அமைப்பு 1971இல் பெங்களூரில் தொடங்கியது. குறுகிய காலம் தங்கிப் படிக்கும் வகுப்புகளும் உங்களைப் போன்றவர்களை மனதில் வைத்து நடப்பவைதான். பதினோரு வருடம் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுத்த நீங்கள் அங்கே ஓசியில் நுழைகிறவர் இல்லை.

இங்கிலீஷ் பற்றிய பயத்துக்கு வருகிறேன். விண்ணப்பம் அனுப்பும் முன் அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். வகுப்பு எந்த மொழியில், அசைன்மென்ட்டைத் தமிழில் எழுதலாமா என்று வாய் விட்டுக் கேளுங்கள். மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, தமிழில் இறையியல் கற்பிப்பதையும் எழுதுவதையும் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டது. எல்லா இடத்திலும் அப்படி இருக்காது. போனிலேயே இன்னொன்றும் கேளுங்கள்: கொடுக்கும் சான்றிதழ் வெறும் வருகைச் சான்றா, கிரெடிட் உண்டா? இறையியல் பட்டம் வழங்கும் செராம்பூர் செனட்டோடு இணைந்த கல்லூரியா, ஆசிய இறையியல் கழகத்தின் அங்கீகாரம் பெற்றதா? நாளைக்கு ஒரு டிப்ளமோவில் சேர ஆசை வந்தால் இது உதவும். பணத்துக்கு உங்கள் சபையை நடத்தும் குருசேகரக் குழுவில் தைரியமாகக் கேளுங்கள், ஆயரின் கடிதமும் எப்படியும் தேவைப்படும். தண்டல் கடன் மட்டும் வாங்காதீர்கள்.

அத்தையின் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

எனக்கு அது மூன்றாம் நாள் நடந்தது. மாற்கு சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம். சினாய் பிரதி, வத்திக்கான் பிரதி என்று நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் உண்டு. இரண்டிலும் மாற்கு 16ஆம் அதிகாரம் எட்டாம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது, ஒன்பது முதல் இருபது வரை இல்லை என்று ஆசிரியர் சொன்னார். சின்ன வயதில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய வசனங்கள் அதில் இருந்தன. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. தட்டைக் கழுவக் குழாயடிக்குப் போனவள், தண்ணீர் ஓட ஓட அப்படியே நின்றிருக்கிறேன். பக்கத்தில் தன் டம்ளரைக் கழுவ வந்த ஆசிரியர் குழாயை மூடிவிட்டு, "என்னம்மா?" என்றார். சொன்னேன். அவர் என்னை அடக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "எட்டாம் வசனத்தில் என்ன நடக்குது?" என்று கேட்டார். பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "அப்புறம் சேதி உன் வரைக்கும் எப்படி வந்துச்சு? அவங்கள்ல யாரோ வாயைத் திறந்திருக்கணுமே" என்றார். அந்தக் குழாயடியில் நான் அழுதேன். விசுவாசம் போகவில்லை. அதுவரை அது என் அம்மா கொடுத்ததாக இருந்தது, அன்றைக்குத்தான் என் கைக்கு வந்தது.

தங்கிப் படிப்பதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான். இதே விஷயத்தை வீட்டில் தனியாக ஒரு வீடியோவில் கேட்டிருந்தால் அந்த இரவில் யார் என் பக்கத்தில் நின்றிருப்பார்கள்? ஆகையால் அங்கே இருக்கும்போது சாப்பாட்டு மேஜையை விட்டு ஓடிவிடாதீர்கள். லுத்தரன் உபதேசியார், பெந்தெகொஸ்தே போதகர் என்று யார் யாரோ வருவார்கள். அவர்கள் ஜெபிக்கிற விதம் முதலில் உங்களுக்கு ஒட்டாது, உட்கார்ந்திருங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஊர் திரும்பிய இரண்டாம் வாரமே பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நான் இதே மாற்கு விஷயத்தை எடுத்துவிட்டேன். கற்றதைச் சொல்லும் அவசரம். முன்வரிசையில் ஒரு பாட்டி, பெரிய எழுத்து வேதாகமத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒன்பதாம் வசனத்தில் விரலை வைத்தபடி என்னைப் பார்த்தார். "அப்போ இது வேதம் இல்லையாம்மா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. எனக்குக் குழாயடியில் ஒருவர் கிடைத்தார், அந்தப் பாட்டிக்கு நான் அப்படி இருக்கவில்லை. அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது அது. நீங்கள் திரும்பி வந்ததும் மூன்று மாதமாவது புதிய விஷயங்களைச் சபையில் பேசாதீர்கள். அசைன்மென்ட்டில் எழுதித் தீர்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு உங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளிலிருந்து மெதுவாகத் தொடங்குங்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை தருகிறேன். திருவொற்றியூரில் ரயில் ஏறி பீச்சில் இறங்குவதற்குள் மாற்குவில் ஒரு அதிகாரம் வாசித்துவிடலாம். போக ஒன்று, வர ஒன்று என்றால் பதினாறு அதிகாரமும் எட்டு வேலை நாளில் முடியும். முதல் சுற்றுக்கு 1871 காலத்துப் பழைய திருப்புதல் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பு), அடுத்த சுற்றுக்கு 1995இல் வந்த திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பு. எங்கெல்லாம் இரண்டும் வேறு வேறாகச் சொல்கின்றனவோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். வகுப்புக்குப் போகும்போது அந்தக் கோடுகளே உங்கள் கேள்விகளாக இருக்கும்.

அத்தையிடம் வாதாட வேண்டாம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, இன்னைக்கு நீங்க ஒரு அதிகாரம் வாசிங்க, நான் கேக்குறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.