பழைய கெசட் பாட்டுகளையும் புது ஆல்பத்தோடு வெளியிடலாமா?

ஹட்டனில் சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடுகிற நீங்கள், பழைய கெசட் பதிவுகளைச் சுத்தம் செய்து புது ஆல்பத்தோடு சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வெளியிடுங்கள், ஆனால் தனித் தொகுப்பாக. முதலில் நாடாவைப் பாருங்கள். நம் மலைப்பக்கத்து ஈரத்துக்கு வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கலாம், அப்படியே ஓடவிட்டால் அது பிளேயரில் நாடாவைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டி அடுத்த கெசட்டுக்கும் போய்விடும். ஹெட்டின் சாய்வை ஒவ்வொரு கெசட்டுக்கும் திருகிச் சரிசெய்யுங்கள், மங்கிக் கேட்ட குரல் அதிலேயே நன்றாகத் தெளியும். 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் தரத்தில் கணினியில் ஒரு மூலப்பிரதி எடுத்து, அதைத் தொடாமல் வையுங்கள். அப்புறம்தான் இரைச்சல் நீக்கம், அதுவும் கொஞ்சமாக. தோட்டத்து லயன் வீட்டுக் கூரைத் தகரத்தில் விழுந்த மழைச் சத்தம் அந்தப் பதிவின் உயிர், அதை வழித்தெடுத்துவிடாதீர்கள். கூடப் பாடியவர்கள், தப்பு மேளம் அடித்தவர்கள் பெயரைக் கட்டாயம் போடுங்கள்.