சென்ட்ரலில் தாம்பரம் ரயில் ஏன் வரவில்லை?

அம்மாவுடன் சென்னை சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையமான மூர் மார்க்கெட் கட்டடத்தில் அரை மணி நேரம் காத்திருந்தும் தாம்பரம் ரயில் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது. அங்கே அரக்கோணம், கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகும் வண்டிகள்தான் புறப்படும். சென்ட்ரல் அந்தக் காலத்து மெட்ராஸ் ரயில்வே கம்பெனி கட்டியது, தண்டவாள இடைவெளி அதிகமுள்ள அகலப் பாதை. கடற்கரை நிலையம்-தாம்பரம் தடமோ தென்னிந்திய ரயில்வே என்ற வேறு கம்பெனியின் மீட்டர் கேஜ், அதாவது குறுகலான பாதை; 1931-லேயே மின்சார ரயில் ஓடியது. பிறகு அதுவும் அகலப் பாதையானது, ஆனால் சென்ட்ரலும் தாம்பரம் தடத்திலுள்ள பார்க் நிலையமும் தனித்தனியாகவே நின்றுவிட்டன; அதனால்தான் தாம்பரம் ரயில் சென்ட்ரலுக்கு வருவதில்லை.

சரி, அடுத்த முறை சென்ட்ரல் வாசலிலிருந்து சுரங்கப்பாதையில் இறங்கி, பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் பார்க் நிலையத்துக்குப் போங்கள். பக்கத்திலேயே 'பார்க் டவுன்' என்ற பலகை கண்ணில் படும்; அது வேளச்சேரி பறக்கும் ரயிலுக்கானது, ஏறிவிடாதீர்கள். செங்கல்பட்டு வண்டி வந்தாலும் தாராளமாக ஏறலாம், தாம்பரம் வழியாகத்தான் போகும்.