ஒரு செல்லிலிருந்து எத்தனை வைரஸ்?

கேள்வி: வைரஸ் புகுந்த ஒரு செல்லிலிருந்து 100 புதிய வைரஸ்கள் வரும் என்று ஒரு நூலிலும், 10,000-க்கு மேல் என்று இன்னொன்றிலும் படித்தேன். எது சரி? எப்படி எண்ணுகிறார்கள்?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். எந்த வைரஸ், எதை எண்ணினார்கள் என்பதை முதலில் பாருங்கள். ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸ், 37 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரத்துக்குள் செல்லை உடைத்துக்கொண்டு 100, 200 என்று வெளிவரும். போலியோ வைரஸ் சுமார் 8 மணி நேரத்தில் ஒரே செல்லில் பல்லாயிரம் துகள்களை உண்டாக்கும். ஆனால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிகிற போலியோ துகள்களில் பெரும்பாலானவை அடுத்த செல்லைத் தொற்றுவதில்லை. துகளை எண்ணினால் ஒரு விடை, தொற்றும் திறனை எண்ணினால் வேறு விடை.

எண்ணும் முறையை 1939-ல் எல்லிஸ், டெல்புரூக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வகுத்துத் தந்தார்கள். பத்து பாக்டீரியாவுக்கு ஒரு வைரஸ் என்ற கணக்கில் கலந்து, 5 நிமிடம் ஒட்டவிட்டு, கலவையை 10,000 மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது. போதிய அளவு நீர்க்காவிட்டால், வெளிவந்த வைரஸ்கள் பக்கத்துச் செல்களிலும் உடைந்த செல்களின் துணுக்குகளிலும் ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும். பிறகு சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, பாக்டீரியா கலந்த அகாரோடு (ஜெல்லி போன்ற ஊடகம்) தட்டில் ஊற்றி, மறுநாள் வைரஸ் பாக்டீரியாவை அழித்த இடங்களில் தெரியும் தெளிந்த வட்டங்களை எண்ண வேண்டும். உடையாத தொற்றுச் செல் எத்தனை வைரஸை வைத்திருந்தாலும் ஒரே வட்டம்தான் தரும். உடைந்தபின் ஒவ்வொரு வைரஸும் தனி வட்டம் தரும்.

உதாரணமாக, தொடக்கத்தில் மில்லிக்கு 1,000 வட்டங்கள். அதில் எந்தச் செல்லிலும் ஒட்டாத வைரஸ் 100. கடைசியில் 90,100. இரண்டிலும் அந்த 100-ஐக் கழித்து வகுத்தால், 90,000 ÷ 900 = 100, அதாவது ஒரு செல்லுக்கு 100 வைரஸ். மாணவர்கள் அதிகம் தவறுவது இந்தக் கழித்தலில்தான். ஒட்டாததைக் கண்டுபிடிக்க, தொடக்க மாதிரியில் கொஞ்சம் குளோரோஃபார்ம் சேர்ப்பார்கள்: தொற்றிய செல்கள் செத்துவிடும், வெளியே மிதக்கும் டி4 பிழைத்திருக்கும்.

கிடைப்பது சராசரி மட்டுமே. ஒரே குடுவையில் ஒரு செல் பத்திருபது தரும், இன்னொன்று பல நூறு தரும். ஊட்டமில்லாமல் பட்டினி கிடக்கும் பாக்டீரியாவில் சராசரியே இறங்கிவிடும்.

கேள்வி: ஃப்ளூ வைரஸும் செல்லை வெடிக்கவைத்தா வருகிறது?

பதில்: இல்லை. ஃப்ளூ, எச்.ஐ.வி. இரண்டும் செல்லின் உறையைப் போர்த்திக்கொண்டு மொட்டுவிடுவதுபோல ஒவ்வொன்றாகப் பிரியும். ஒரே நொடியில் கொட்டுவதில்லை என்பதால், அந்தச் செல் சாகும்வரை மொத்தம் எத்தனை வந்தன என்று கூட்டித்தான் சொல்ல வேண்டும்.