95 ஆண்டுகள் எங்கே போயின?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள செல்மாவில் 1965-ல் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக நடந்த ஊர்வலம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு சந்தேகம். நிறத்தைக் காரணம் காட்டி யாருக்கும் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 1870-லேயே அமெரிக்க அரசியல் சட்டத்தின் 15ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. அப்புறம் 1965-ல் இன்னொரு சட்டம் எதற்கு? 95 வருடம் ஒரு சட்டம் தூங்கியது என்றால், சட்டத்தால் ஒன்றும் ஆகாது, மனிதர்கள் மனம் மாறினால்தான் உண்டு என்றுதானே ஆகிறது?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

நான் அப்படி நினைக்கவில்லை. 15ஆவது திருத்தம் தூங்கவில்லை. அதைத் தொடாமலே சுற்றிக்கொண்டு போகப் பாதை போட்டார்கள். திருத்தம் தடுத்தது நிறத்தைக் காரணமாகக் காட்டுவதை. காரணத்தை வாய்விட்டுச் சொல்லாமலே மறுத்தால்?

1890-ல் மிசிசிப்பி மாநிலம் அதைத்தான் செய்தது. அதன் புதிய அரசியல் சட்டப்படி வாக்காளர் 2 டாலர் தலைவரி கட்டியிருக்க வேண்டும். மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவை வாசிக்க வேண்டும். அல்லது வாசிக்கக் கேட்டு நியாயமான விளக்கம் தர வேண்டும். எது நியாயம் என்று முடிவு செய்பவர், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் பதிவு அலுவலர். நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. 1898-ல் உச்ச நீதிமன்றமும் இதைச் செல்லும் என்றது. அதே ஆண்டு லூசியானா, 1867 ஜனவரி 1-க்கு முன் தந்தையோ பாட்டனோ வாக்களித்திருந்தால் எழுதப் படிக்கத் தெரியுமா என்ற தேர்வு வேண்டாம் என்று விலக்கு கொடுத்தது. அந்தத் தேதிக்கு முன் அங்கே கறுப்பின மக்களுக்கு வாக்கே கிடையாது. 1896-ல் 1,30,334 ஆக இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1904-ல் 1,342 ஆனார்கள்.

தேர்வு எப்படி நடந்தது என்பதற்கு நீதிமன்றப் பதிவுகளே சாட்சி. மிசிசிப்பியின் பனோலா கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) கறுப்பினத்தவரிடம் 'சிக்கசா பள்ளி நிதி'க்கு என்ன வட்டி என்ற அரசியல் சட்டப் பிரிவைக் கொடுத்து விளக்கச் சொன்னார்கள். லூசியானாவில் ஒரு வெள்ளையர் பேச்சுச் சுதந்திரம் என்று ஆங்கிலத்தில் எழுத முயன்று, 'ஃபிர்டம் ஃபூஃப் ஸ்பெட்க்' என்கிற மாதிரி மூன்றே சொற்களைக் கிறுக்கிக் கொடுத்தார். தேறிவிட்டார்.

இதைத் தடுக்க 1957, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் வந்த சட்டங்கள் ஏன் போதவில்லை என்பதுதான் விஷயத்தின் மையம். அவை ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக வழக்குப் போடச் சொல்லின. பாரபட்சம் நடந்ததை நிரூபிக்கும் சுமை வழக்குப் போட்டவர் தலையில். பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி ஒரு வழக்கைத் தயார் செய்ய 6,000 மணி நேர உழைப்புகூடத் தேவைப்பட்டது. வென்றால், தடை செய்யப்பட்ட தேர்வுக்குப் பதில் வேறொரு தேர்வு வரும். சில ஊர்களில் பதிவு அலுவலகத்தையே மூடினார்கள். ஏற்கெனவே பட்டியலில் இருந்த வெள்ளையருக்கு அதனால் நஷ்டமில்லை. செல்மா இருக்கும் டல்லாஸ் கவுண்டியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவர் சுமார் 15,000 பேர். நான்கு வருட வழக்குக்குப் பின் பதிவானவர்கள் 156-லிருந்து 383 ஆனார்கள். அவ்வளவுதான்.

1965 ஆகஸ்ட் 6-ல் கையெழுத்தான வாக்குரிமைச் சட்டம் அந்தச் சுமையைத் தூக்கி எதிராளி தலையில் வைத்தது. 1964 நவம்பரில் ஒரு மாநிலத்தில் இத்தகைய தேர்வு அமலில் இருந்ததா? அப்போது வாக்களிக்கும் வயதினரில் பாதிப் பேருக்கும் குறைவாகப் பதிவாகியிருந்தார்களா, அல்லது அந்த மாத அதிபர் தேர்தலில் பாதிப் பேருக்கும் குறைவாகவே வாக்களித்தார்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் தேர்வு அன்றோடு நின்றுவிடும். விசாரணை, வாய்தா எதுவும் இல்லை. உள்ளூர் அலுவலர் மறுத்தால் மத்திய அரசு அனுப்பும் அலுவலரே பெயரைச் சேர்ப்பார். இனி தேர்தல் விதியில் எதை மாற்றினாலும் அதில் பாரபட்சம் இல்லை என்று அந்த மாநிலமே வாஷிங்டனில் காட்டி முன் அனுமதி வாங்க வேண்டும். 5ஆவது பிரிவின் இந்த ஏற்பாடுதான் எனக்கு அந்தச் சட்டத்தின் உயிர்.

மிசிசிப்பியில் பதிவான கறுப்பின வாக்காளர்கள் 6.7 சதவீதத்திலிருந்து 1967-க்குள் 59.8 சதவீதமானார்கள். அந்த இரண்டு வருடத்தில் அங்கே மனம் மாறிவிட்டதா? 1966 ஜனவரியில் வெர்னன் டாமர் என்ற கடைக்காரர், தலைவரி கட்ட முடியாதவர்களுக்காகத் தாமே கட்டுவதாக அறிவித்தார். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் இரவில் அவர் வீட்டுக்குத் தீ வைத்துக் கொன்றார்கள். வெறுப்பு அப்படியே இருந்தது, பட்டியலில் பெயர்களும் ஏறிக்கொண்டே இருந்தன.

2013 ஜூன் 25-ல் உச்ச நீதிமன்றம், எந்த மாநிலங்கள் முன் அனுமதி பெற வேண்டும் என்று தீர்மானிக்கும் சூத்திரத்தைச் செல்லாது என்றது. 5ஆவது பிரிவு புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் அது யாரைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லும் பட்டியல் போய்விட்டது. வாக்களிக்கப் புகைப்பட அடையாள அட்டை கேட்கும், 2012-ல் முன் அனுமதி மறுக்கப்பட்ட தன் சட்டம் இனி அமலுக்கு வரும் என்று டெக்சாஸ் அன்றைக்கே அறிவித்தது. அதன்படி துப்பாக்கி உரிம அட்டை செல்லும், கல்லூரி மாணவர் அட்டை செல்லாது. எதிர்த்தவர்கள் பழையபடி வழக்குப் போட்டார்கள். அந்தச் சட்டத்தின் விளைவு பாரபட்சமானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016 ஜூலையில் சொன்னது. 2014 தேர்தல் அதற்குள் அந்தச் சட்டப்படியே நடந்து முடிந்திருந்தது.