மீல்வார்ம் தட்டில் நகரும் பழுப்புத் தூள்: என்ன செய்வது?

கேள்வி: சென்னையில், பால்கனியில் மூன்று பிளாஸ்டிக் தட்டுகளில் தவிடு போட்டு மீல்வார்ம் (ஒரு வகை வண்டின் புழு) வளர்க்கிறேன். அரோவனா மீனுக்கும் கூண்டுப் பறவைகளுக்கும் அதுதான் தீனி. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தட்டின் ஓரங்களில் வெளிர் பழுப்புத் தூள் படிகிறது, உற்றுப் பார்த்தால் நகர்கிறது. வேப்பிலைப் பொடி தூவலாமா? இல்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டுமா?

பதில்: நகரும் அந்தத் தூள் பெரும்பாலும் தவிட்டு உண்ணி, தவிட்டில் பெருகும் எட்டுக்கால் சிற்றுயிர். அதற்கு வேப்பிலைப் பொடி வேண்டாம். வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சிகள் தோல் உரிப்பதைக் கெடுக்கும். மீல்வார்ம் பல முறை தோல் உரித்துத்தான் வளர்கிறது, ஆகவே அடி முதலில் அதன் மேல் விழும். போரிக் பவுடர், நாப்தலின் உருண்டை, பூச்சிகளை உலர்த்திக் கொல்லும் டயட்டம் மண், உண்ணி மருந்து எதுவானாலும் புழுவுக்கு ஆபத்து உண்டு. உண்ணியை மட்டும் கொன்று புழுவை விட்டுவைக்கும் தூளை நம்பித் தட்டில் போட முடியாது.

அந்தத் தூள் தவிட்டு உண்ணிதானா என்று முதலில் பாருங்கள். ஒரு சிட்டிகை எடுத்துக் கறுப்புத் தாளில் சிறு கோபுரமாகக் குவித்து, கால் மணி நேரம் விடுங்கள். உயிருள்ள உண்ணிகள் இருந்தால் கோபுரம் தானாகச் சரிந்து பரவும். விரலில் தேய்த்தால் புதினாவைப் போல ஒரு நெடியும் வரலாம். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான, பளபளக்கும் வெள்ளை உடலும் எட்டுக் கால்களும் தெரியும். ஆறு கால்களுடன் 1 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு விறுவிறுவென ஓடினால் அது புத்தகப் பேன் என்னும் வேறொரு சிறு பூச்சி. ஈரம்தான் அதற்கும் காரணம், ஆனால் தொல்லை குறைவு.

இந்த உண்ணிகளில் பெரும்பாலானவை புழுவின் ரத்தத்தைக் குடிப்பவை அல்ல. தவிட்டையும் அதில் படரும் பூஞ்சையையும் தின்று, புழுவின் மேல் மொய்த்து, முட்டைகளையும் இளம் புழுக்களையும் நெருக்கி அழிக்கின்றன. அவற்றின் பலவீனம் தண்ணீர். மெல்லிய தோல் வழியே ஈரத்தை இழந்துகொண்டே இருப்பதால், காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் பெருகுகின்றன. 60க்குக் கீழே நிலைத்து நின்றால் காய்ந்து சாகின்றன. மீல்வார்மோ உலர்ந்த தவிட்டிலும் மெதுவாக வளர்ந்து பிழைத்துக்கொள்ளும். உங்கள் கையில் உள்ள ஆயுதம் இந்த இடைவெளிதான்.

ஒரு சிக்கல் உண்டு. சில வகை உண்ணிகளுக்கு இடைப் பருவம் ஒன்று இருக்கிறது. அந்தப் பருவத்தில் அவை தின்பதில்லை, வறட்சியைத் தாங்கும். வண்டின் சிறகு மூடிக்கு அடியிலும் கால் மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு புதுத் தட்டுக்குப் பயணம் செய்யும். தவிட்டை மாற்றிய மூன்றாம் வாரத்தில் ‘எங்கிருந்து வந்தது?’ என்று திகைப்பவர்கள் பெரும்பாலும் வண்டுகளை அப்படியே அள்ளிப் புதுத் தட்டில் போட்டவர்கள்.

எனவே கொட்டவேண்டியது தவிட்டையும் பழைய வண்டுகளையும், புழுக்களை அல்ல. மூக்கில் முகக்கவசம் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே சலியுங்கள். இந்த உண்ணித் தூள் ஆஸ்துமாவையும் தோல் அரிப்பையும் கிளப்பும். வீட்டில் மூச்சுத் தொல்லை உள்ளவர் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். மாவுச் சல்லடையில் தூளும் எச்சமும் இறங்கிவிடும். மேலே நிற்கும் பெரிய புழுக்களை வடிகட்டியில் போட்டு, வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் அலசுங்கள். நீரை மாற்றி இன்னொரு முறை. பிறகு பருத்தித் துணியில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் உலர விடுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். கூட்டுப்புழுக்களை நனைக்காமல் மென்மையான தூரிகையால் துடைத்துத் தனிப் பெட்டியில் வையுங்கள். அடுத்த தலைமுறை அவற்றிலிருந்துதான் வரவேண்டும். வெளிவரும் வண்டுகளை இரண்டு வாரம் லென்ஸில் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.

பழைய தவிட்டில் முட்டைகள் ஒட்டியிருக்கும், அந்த இழப்பு வலிக்கும். மனமில்லை என்றால், வேறு அறையில், 60க்குக் குறைவான ஈரப்பதத்தில், 1 செ.மீ. உயரத்துக்குப் பரப்பி மூன்று, நான்கு வாரம் வைத்து, குஞ்சுப் புழுக்கள் கண்ணுக்குத் தெரிந்ததும் பிரித்தெடுக்கலாம். அந்த வறட்சியில் சில முட்டைகள் பொரியாமலும் போகும். மற்றபடி பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தோ கொதிநீர் ஊற்றியோ கொன்ற பிறகே உரக்குழிக்கு அனுப்புங்கள். அப்படியே பால்கனிப் பூந்தொட்டியில் கொட்டினால் நாலடி நடந்து திரும்பி வந்துவிடும். தட்டுகளைச் சுடுநீரும் சோப்பும் கொண்டு தேய்த்து, மூலை முடுக்கு வரை காயவிடுங்கள்.

புதுத் தவிடு கடையிலிருந்தே உண்ணியோடு வரலாம். வெறும் வாணலியில் கை பொறுக்காத சூடு ஏறும் வரை வறுத்து ஆறவிடுங்கள். அல்லது காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, மைனஸ் 18 டிகிரியில் குறைந்தது ஒரு வாரம் வையுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் மூடியைத் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த தவிட்டில் காற்றின் நீர் படிந்து, எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே நடக்கும்.

இனி இடம். மழைக்காலச் சென்னைப் பால்கனியில் காற்றே 80 சதவீத ஈரத்தோடு நிற்கும்போது தவிட்டை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. தட்டுகளை உள் அறைக்குக் கொண்டுவாருங்கள், ஆனால் அரிசி, மாவு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். ஏசி ஓடும் அறை நல்லது. இல்லையென்றால், காற்றோட்டத் துளைகள் உள்ள அலமாரியில் 40 வாட் குண்டு பல்பு ஒன்று போதும். 27 டிகிரியில் 80 சதவீதம் ஈரமுள்ள காற்றை 31 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறக்குறைய 63க்கு இறங்கும். பல்பைச் சுற்றிக் கம்பி வலை இருக்கட்டும், மரமோ பிளாஸ்டிக்கோ அதைத் தொடக்கூடாது. அதற்கு மேல் சூடேற்றாதீர்கள், புழுக்கூட்டமே வெப்பம் உண்டாக்கும். தவிடு 3 முதல் 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகக்கூடாது என்பதும் இதனால்தான்: ஆழத்தில் வெப்பமும் ஈரமும் அடைபடும். தட்டுக்கு மூடியும் வேண்டாம், வலை போதும்.

காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் ஈரமானியை நம்புவதற்கு முன் சோதியுங்கள். பாட்டில் மூடியில் உப்பை எடுத்து, சில துளி நீர் விட்டுச் சேறு போலக் குழைத்து, மானியோடு ஜிப் பையில் 8 மணி நேரம் அடைத்து வையுங்கள். 75 காட்டவேண்டும். 70 காட்டினால் உங்கள் மானி 5 குறைத்துச் சொல்கிறது.

காய்கறிதான் தட்டுக்குள் தண்ணீர் நுழையும் பெரிய வாசல். வெள்ளரி, பூசணி வேண்டாம். கேரட்டை வெட்டிச் சில மணி நேரம் மேற்பரப்பு காயவிட்டு, தவிட்டில் படாமல் ஒரு மூடியின் மேல் வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் இரண்டு முறை போதும், மறுநாள் காலைக்குள் எடுத்துவிடுங்கள்.

மிச்சமிருக்கும் உண்ணிக்குப் பொறி: இரவில் உருளைக்கிழங்குத் தோல் ஒன்றை வையுங்கள், காலையில் மொய்த்திருக்கும் உண்ணிகளோடு கொதிநீரில் போடுங்கள். இது எண்ணிக்கையைக் குறைக்கும், ஒழிக்காது. தட்டின் வெளி விளிம்பில் 2 செ.மீ. அகலத்துக்கு வாசலின் களிம்பு பூசினால் தட்டுவிட்டுத் தட்டு தாவுவது நிற்கும். சலிப்பதைப் பத்து நாள் கழித்து மறுபடி செய்யுங்கள், ஏற்ற சூழலில் முட்டையிலிருந்து முதிர்ந்த உண்ணியாக இரண்டு, மூன்று வாரமே ஆகும் என்பதால்.

அலசிய புழுக்களை மீனுக்கும் பறவைக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். தவிட்டு உண்ணி பறவையைக் கடிக்காது. பறவை இரவில் தவித்துச் சொறிந்துகொண்டால் கூண்டின் மூட்டுகளையும் குச்சிகளின் முனைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே சிவந்த புள்ளிகள் ஓடினால் அது ரத்தம் குடிக்கும் வேறோர் உண்ணி, அதற்குக் கால்நடை மருத்துவரிடம்தான் போகவேண்டும்.