கணினி கேள்வி – பதில்: சுழல்கிறது, ஆனால் தெரியவில்லை

கேள்வி: எங்கள் சிறிய அச்சகத்தில் 2005-இல் வாங்கிய கணினி விண்டோஸ் எக்ஸ்பியுடன் இன்னும் வேலை செய்கிறது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அமைத்த பேஜ்மேக்கர் கோப்புகளுக்காகவே அதை வைத்திருக்கிறோம். சாட்டா வகை இணைப்புள்ள 80 ஜிபி டிஸ்க் நிறைந்துவிட்டதால், 1 டிபி கொள்ளளவுள்ள புதிய ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். கை வைத்துப் பார்த்தால் சுழல்கிறது; பயாஸில் (கணினி தொடங்கும்போது பாகங்களைக் கண்டறியும் நிரல்) மட்டும் வருவதில்லை. அதே கேபிளில் பழைய டிஸ்க் தெரிகிறது. மைத்துனரின் விண்டோஸ் 7 கணினியில் புதிய டிஸ்கும் தெரிகிறது. மதர்போர்டில் விடி8237ஆர் என்ற சிப் உள்ளது. மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். வேறு வழி உண்டா?
– வாசகர், சிவகாசி

பதில்: பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். பழைய டிஸ்க் அதே கேபிளில் தெரிவதால் கேபிளிலும் சாட்டா இணைப்பிலும் பழுதில்லை. மைத்துனர் வீட்டில் தெரிவதால் புதிய டிஸ்கும் நல்ல நிலையில்தான் உள்ளது. எஞ்சியிருப்பது மதர்போர்டுக்கும் புதிய டிஸ்குக்கும் இடையிலான ஒத்துப்போகாமைதான்; அதற்கான விடை நீங்கள் குறித்தனுப்பிய சிப்பின் எண்ணிலேயே இருக்கிறது.

முதல் தலைமுறை சாட்டாவின் வேகம் நொடிக்கு 1.5 கிகாபிட். பின்னர் அது 3 ஆகவும், 6 ஆகவும் உயர்ந்தது. கணினியை இயக்கியதும் டிஸ்கும், சாட்டா இணைப்பைக் கையாளும் மதர்போர்ட் சிப்பும் தமக்குள் சமிக்ஞை பரிமாறி, இருவருக்கும் பொதுவான வேகத்துக்கு இறங்கிவர வேண்டும் என்பது ஏற்பாடு. விடி8237, விடி8237ஆர் ஆகிய சிப்கள் இந்தப் பேச்சில் தடுமாறுவது நெடுங்காலமாக அறியப்பட்ட குறை. வேகமான டிஸ்கைக் கண்டால் பேச்சு முடிவதே இல்லை; டிஸ்க் சுழன்றுகொண்டே இருக்க, பயாஸ் அந்த இடம் காலி என்று முடிவு செய்துவிடுகிறது.

ஆகவே டிஸ்கையே 1.5 கிகாபிட்டுக்குக் கட்டிப்போட முடியுமா என்று பாருங்கள். சாட்டா இணைப்பின் அருகில் சிறிய ஊசிகள் இருந்தால், மேலே ஒட்டிய தாளிலோ தயாரிப்பாளரின் கையேட்டிலோ ஜம்பர் (இரண்டு ஊசிகளை இணைக்கும் சிறு மூடி) விளக்கம் இருக்கும். ஜம்பர் வசதியுள்ள வெஸ்டர்ன் டிஜிட்டல் 3.5 அங்குல டிஸ்குகளில் 5, 6 எண் ஊசிகளை இணைத்தால் வேகம் 1.5-க்குக் குறையும். நொடிக்கு 150 மெகாபைட் வரை அந்த இணைப்பு கொடுக்கும் என்பதால், அச்சகக் கோப்புகளைத் திறப்பதில் வேறுபாடு தெரியாது. ஊசிகளே இல்லாத டிஸ்காக இருந்தால் அதை யூஎஸ்பி பெட்டியில் வைத்து வெளியிலிருந்து பயன்படுத்துங்கள், யூஎஸ்பி 2.0-வில் மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் மதர்போர்ட் மாற்றும் செலவு மிஞ்சும். அதிலும் மதர்போர்ட் மாறினால் எக்ஸ்பியைப் புதிதாக நிறுவ நேரலாம். அதை மட்டும் கடைக்காரர் சொல்லவில்லை போலிருக்கிறது.

டிஸ்க் சுழலவே இல்லையென்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும். சில புதிய டிஸ்குகளில், சாட்டா பவர் இணைப்பின் மூன்றாவது ஊசிக்கு 3.3 வோல்ட் வந்தால் அதை அணைந்திருக்கச் சொல்லும் கட்டளையாக டிஸ்க் எடுத்துக்கொள்ளும். பழைய பவர் சப்ளைகள் பல அங்கே 3.3 வோல்ட் அனுப்புகின்றன. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பயாஸில் தெரிந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. இதை மைத்துனரின் கணினியிலேயே முடித்துவிடுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், டிஸ்கின் பிரிவுகளைப் பதிந்துவைக்கும் இரு முறைகளில் ஜிபிடி அல்ல, எம்பிஆர் முறையைத் தேர்ந்தெடுத்து பார்ட்டிஷன் (பிரிவு) உருவாக்குங்கள். 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி புரியாது. எக்ஸ்பியிலேயே பார்ட்டிஷன் உருவாக்கினால் அது 63-ஆம் செக்டரில் (தரவைச் சேமிக்கும் சிறு துண்டு) தொடங்கும்; உள்ளே 4,096 பைட் செக்டர்கள் கொண்ட இன்றைய டிஸ்குகளில் அது ஒழுங்காகப் பொருந்தாமல், எழுதும் வேகம் வெகுவாகக் குறையும். விண்டோஸ் 7 அதை 2,048-ஆம் செக்டரில் தொடங்கிவைப்பதால் இந்தத் தொல்லை வராது. எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் 1 என்ற மேம்படுத்தல் தொகுப்பாவது நிறுவப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால் 137 ஜிபிக்கு மேல் தெரியாது.

புதிய டிஸ்க் பொருந்தும்வரை காத்திராமல், அந்த 80 ஜிபி டிஸ்கில் உள்ள பேஜ்மேக்கர் கோப்புகளையும் எழுத்துருக்களையும் இன்றே ஒரு பென் டிரைவில் எடுத்துவையுங்கள்.