பச்சைச் சாணத்தை அப்படியே உழுதுவிட்டு யூரியாவை நிறுத்திவிடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது: பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல் பக்கம் இரண்டு ஏக்கர் செம்மண் குத்தகைக்கு எடுத்திருக்கிறீர்கள், ஜூனில் மானாவாரிக் கேழ்வரகு. பக்கத்து மாட்டுப் பண்ணையில் இந்தத் தை மாதமே பச்சைச் சாணம் லோடு லோடாகக் கிடைக்கிறது. இறக்கி உழுதுவிட்டு யூரியாவை நிறுத்தலாமா?

இரண்டுமே வேண்டாம் என்பேன். நானும் பெங்களூரில் குடியிருந்துகொண்டு அதே தாலுகாவில்தான் பயிர் செய்கிறேன்.

பச்சைச் சாணத்தோடு, மாடு தின்ற புல்லின் விதையும் செரிக்காமல் வந்து சேரும். காண்டாமிருக வண்டு முட்டையிடுவதும் சாணக் குவியலில்தான். பக்கத்தில் தென்னை வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய தொல்லை. கொட்டகையில் வைக்கோல், மரத்தூள் கலந்திருந்தால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்ளும், இளம்பயிர் வெளுக்கும். மக்கும் குவியலின் உள்சூடு சில நாள் 55 டிகிரிக்கு மேல் நின்றால் களை விதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் செத்துவிடும்.

இனி யூரியா. தொழு உரத்தில், அதாவது மக்கிய மாட்டு எருவில், தழைச்சத்து சுமார் 0.5 சதவீதம்தான். ஏக்கருக்கு 5 டன் போட்டால் 25 கிலோ. அதிலும் முதல் பயிருக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, 8 கிலோ என்று வையுங்கள். மானாவாரிக் கேழ்வரகுக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை எக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு 16. முதல் வருடமே யூரியாவை அடியோடு நிறுத்தி, விளைச்சல் விழுந்ததும் எருவின் மேலேயே நம்பிக்கை போய்விட்டவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. எரு செய்யும் வேலை வேறு. இந்தச் செம்மண் மழை ஓய்ந்ததும் இறுகிப் பொருக்குத் தட்டும், முளை மேலே வரத் திணறும். வருடாவருடம் எரு போட்ட மண் அப்படி இறுகாது, ஈரத்தையும் பிடித்துவைக்கும். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் பல பத்தாண்டுகளாகக் கேழ்வரகில் நடக்கும் நீண்டகாலச் சோதனைகளிலும், தொழு உரமும் ரசாயன உரமும் சேர்த்துப் போட்ட நிலம்தான் விளைச்சலைத் தொடர்ந்து தாங்கியிருக்கிறது. கூடவே இங்கத்திய வழக்கப்படி அவரையோ துவரையோ ஊடுபயிராகச் சால் விடுங்கள். மண் தேறத் தேற யூரியாவைக் குறைக்கலாம்.

பெங்களூர் பெயரிலேயே ஒரு கம்போஸ்ட் முறை உண்டு. 1939-இல் இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில் சி. என். ஆச்சார்யா உருவாக்கியது. ஒரு மீட்டர் ஆழக் குழியில் குப்பையும் சாணமும் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே சேறு பூசி மூடிவிடுவார்கள். கிளற வேண்டாம், தண்ணீரும் அதிகம் கேட்காது, தழைச்சத்தும் வீணாகாது. ஆள் கிடைக்காத நமக்கு ரொம்பத் தோதான முறை. ஆனால் 6 முதல் 8 மாதம் பிடிக்கும், இந்த ஜூனுக்கு எட்டாது.

அதனால் இந்த வருடம் மர நிழலில் குவியல் போடுங்கள். சாணத்தோடு காய்ந்த சருகு, கேழ்வரகுத் தாள் கலந்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். கையில் அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் அளவு ஈரம் போதும். மே கடைசிக்குள் உள்ளே சூடு அடங்கி, மண்வாசனை வரும். சந்தேகமிருந்தால் ஒரு பிடி நனைத்துப் பிளாஸ்டிக் கவரில் கட்டி நாலைந்து நாள் வையுங்கள். திறக்கும்போது நாறினால் இன்னும் மக்கவில்லை.

நகரக் குப்பையிலிருந்து செய்யும் கம்போஸ்ட்டும் வாங்கலாம். ஆனால் பரிசோதனை அறிக்கை கேளுங்கள்: உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமையும் காட்மியம் 5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. கண்ணாடிச் சில்லு கிடந்தால் தொடவே வேண்டாம்.

கடைசியாக, நம் பக்கம் எல்லா ஊரிலும் நடப்பது: எருவைச் சிறுசிறு குவியலாகக் கொட்டி வாரக்கணக்கில் வெயிலில் விட்டுவிடுகிறார்கள். தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். டிராக்டர் வரும் நாளையே ஏரோட்டும் நாளாகவும் வைத்துக்கொண்டு, இறைத்த அன்றைக்கே உழுது மூடிவிடுங்கள்.